உம்மாவின் தஸ்பீஹ் மணி

2022 மார்ச் கடைசி. நாளொன்றுக்குப் பதின்மூன்று மணித்தியாலம் வரைக்கும் கரண்ட் இல்லாத நாட்கள். மஃரிபுக்குப் பிறகு எங்கள் கிராமம் கும்மிருட்டாகிவிடும். கட்டுகஸ்தோட்டைப் பக்கம் இறங்கிப் போகும் ஒன்றிரண்டு வாகன வெளிச்சம் மட்டும் தெரியும். வீட்டுக்குள் உம்மாவின் கையில் பச்சையாய் மின்னியது தஸ்பீஹ். உம்ராவுக்குப் போனபோது வாங்கி வந்தது.

உயர்தரம் படிக்கும் மகளிடம், "இது முதலாம் வரிசைத் தாக்கம் போலத்தான். சம நேரத்தில் பாதி பாதியாகக் குறையும். மடக்கை எடுத்து வரைந்தால் நேர்கோடு வரும்" என்றேன். இருபது வருடமாக வகுப்பில் சொன்ன வாய்.

அவள் மணிகளுக்கு டோர்ச் அடித்து, போனின் கமராவை ஒரே அளவில் நிறுத்தி, நிமிடத்துக்கு ஒரு படமாக நாற்பது எடுத்தாள். மணிகளைத் துணியால் மூடியும் ஒரு படம் எடுத்து, அந்த வெளிச்சத்தைக் கழித்தாள். அது நான் சொல்லிக் கொடுத்ததல்ல.

வரைபில் முதல் புள்ளிகள் செங்குத்தாக இறங்கின. பின்னவை கோட்டுக்கு மேலே மேலே விலகிப் போயின. "கடைசியில் கமரா பிழை விடும். பத்தாவது நிமிடத்துக்குப் பிந்தியதை விட்டுவிடு" என்றேன்.

"அப்ப அந்தப் புள்ளியெல்லாம் பொய்யா வாப்பா?"

பதில் சொல்லாமல் அழிறப்பரை நீட்டினேன்.

எங்கள் மேடைகளில் அஹ்மத் ஸுவைலின் பெயரைச் சொல்லாத ஆள் இல்லை. 1999இன் இரசாயன நோபல் பரிசு, எகிப்தின் பிள்ளை. அவர் என்ன செய்தார் என்று கேட்டால் சபை மௌனமாகிவிடும். நானும் அப்படிப் பேசியவன்தான். ஒரு மீலாத் விழாப் பேச்சுக்காக இம்முறை ஒழுங்காகப் படித்தேன்.

கேம்பிரிட்ஜில் நோரிஷும் போர்ட்டரும் 1949இல் ஒரு பலத்த மின்வெட்டொளியால் மூலக்கூறை உடைத்து, சற்றுத் தாமதித்த இன்னொரு வெட்டொளியால் அதன் நிறமாலையைப் பதிந்தார்கள். தாமதத்தை மாற்றி மாற்றிப் பதிந்தால் தாக்கத்தின் கதை வரும். ஸுவைல் லேசரால் அந்தத் தாமதத்தை ஃபெம்டோசெக்கனுக்குக் கொண்டுபோனார். ஒரு செக்கனை ஆயிரம் ஆயிரமாக ஐந்து தடவை பிரித்த அளவு. சயனோஜன் அயடைட்டில் பிணைப்பு அறுந்து முடிய ஏறத்தாழ 200 ஃபெம்டோசெக்கன்.

என்னைப் பிடித்து நிறுத்தியது அதுவல்ல. தரவைப் பகுக்கும் முறை. கோட்டை வரைந்ததும் வேலை முடிவதில்லை. ஒவ்வொரு புள்ளியும் கோட்டிலிருந்து எவ்வளவு விலகுகிறது என்று தனியே வரைய வேண்டும். விலகல்கள் மேலும் கீழுமாய்ச் சிதறினால் சரி. வில்லாக வளைந்தால் பிழை கோட்டில்தான். அதற்காகப் பல அடுக்குக்குறிகளைச் சேர்த்துக்கொண்டே போனால் எதையும் பொருத்திவிடலாம், அதுவும் ஏமாற்று.

இருட்டில் ஒளிரும் மணிகளில் செப்பு கலந்த நாக சல்பைட்டோ, ஐரோப்பியம் கலந்த ஸ்ட்ரொன்சியம் அலுமினேற்றோதான் வழக்கமாக இருக்கும். வெளிச்சம் பட்டதும் இலத்திரன்கள் பளிங்கின் பொறிகளில் மாட்டிக்கொள்கின்றன. ஆழமில்லாத பொறியிலிருந்து உடனே விடுபடும், ஆழமானதிலிருந்து மெதுவாக. எனவே ஒரே அரைவாழ்வுக்காலம் கிடையாது. மகளின் வால் வளையத்தான் வேண்டும்.

பேச்சுத் தாளை வைத்துவிட்டு, அவளுடைய கொப்பியைக் கேட்டேன். முன்பக்கத்தில் எனது நேர்கோடு. கடைசிப் பக்கத்தில், பென்சிலால், நாற்பது புள்ளிகளும் அப்படியே.

"அழிக்கலையா?"

"நீங்க சொன்ன பக்கத்துல அழிச்சன்."

நேரத்துக்கும் மடக்கை எடுத்து அன்றிரவு இருவருமாக மறுபடி வரைந்தோம். முதல் ஓரிரு புள்ளி தவிர மற்றவை ஒழுங்காக வந்தன. இன்னொரு தடவை அளந்து பார்க்கலாம் என்று மணிகளை எடுத்து விளக்கடியில் வைத்தோம். இஷா முடித்து வந்த உம்மா கையை நீட்டினா.

"எனக்கு ஓதணும். அதைத் தாங்க."