முந்தி நடந்தவன்

பௌர்ணமி இரவுகளில் அடி அண்ணாமலையில் எவருக்கும் உறக்கம் வாய்ப்பதில்லை. மலையைச் சுற்றிவரும் 14 கிலோமீட்டர் பாதை அவ்வூர் வழியாகவே செல்கின்றது. சங்கொலியும் நாமகோஷமும் தெருவோரக் கடைகளின் ஒலிபெருக்கிகளும் விடியும்வரை ஓய்வதில்லை. அத்தனை இரைச்சலிலும் தங்கள் இரட்டைக் குழந்தைகளில் மூத்தவன் அசையாமல் உறங்குவதாக, நம் பங்கைச் சேர்ந்த ஒரு குடும்பத்தார் பெருமையோடு நம்மிடம் கூறினர். நாமும் அதனைப் பெருமையாகவே கேட்டுக்கொண்டோம்.

ஆண் குழந்தைகள் இருவர். முகச்சாயலில்கூட வேறு வேறு. முப்பத்தைந்தாம் வாரத்திலேயே பிறந்துவிட்டவர்கள். இரட்டையருள் பாதிக்கு மேற்பட்டோர் 37 வாரம் நிறையுமுன் பிறக்கின்றனர் என்பதால் இது புதுமையன்று. முதலாண்டு நிறைவுக்கு நன்றித் திருப்பலி ஒப்புக்கொடுக்க வந்தார்கள். பெரியவன் கோவில் நடுவழியில் தத்தித் தத்தி நடந்து பீடத்தருகே வந்துவிட்டான். சின்னவனோ தாயின் மடியைவிட்டு இறங்கவில்லை. தவழவும் மாட்டான், உட்கார்ந்தபடியே நகர்வான். பூசை முடிவில் நாம் விளையாட்டாக, "பெரியவன் கல்லறைக்கு முந்தி ஓடிய யோவான், சின்னவன் மூச்சு வாங்கிப் பின்னால் வந்த பேதுரு" என்றோம். சபை முழுதும் சிரித்தது. தாய் சிரிக்கவில்லை என்பதை நாம் கவனிக்கவில்லை.

அடுத்த மூன்று ஞாயிறுகளில் பெரியவன் மட்டுமே கோவிலுக்கு வந்தான்.

"சின்னவன் எங்கே அம்மா?" என்று கேட்டோம்.

"அவனைத் தூக்கிவந்தால் எல்லாரும் பேதுரு, பேதுரு என்கிறார்கள் சாமி. வீட்டில் ஆயாவிடம் விட்டுவிட்டு வந்தேன்."

நாம் சொன்ன சொல் ஊருக்குள் நடந்துகொண்டிருந்தது! மறுநாளே அவ்வீட்டுக்குச் சென்றோம். ஆயா சின்னவனின் கால்களுக்கு எண்ணெய் தேய்த்து, நடைவண்டியில் அவன் கைகளைப் பிடித்து வைத்துப் பழக்கிக்கொண்டிருந்தார். குழந்தை வீறிட்டு அழுதது. தாயிடம் மன்னிப்புக் கேட்டோம். அவர் பதறிப்போய், "சாமி அப்படிச் சொல்லக் கூடாது" என்றார். ஆயினும் முகத்தில் ஒரு தெளிவு வந்தது.

அதன்பின்னரே இப்பொருள் பற்றிச் சிறிது படித்தோம். முன்னமே படித்திருக்க வேண்டும். அமெரிக்காவில் ஆர்னால்டு கெசல், ஹெலன் தாம்சன் என்னும் அறிஞர்கள் 1929-இல் வெளியிட்ட ஆய்வு ஒன்று உண்டு. ஒரே சாயலுடைய இரட்டைப் பெண் குழந்தைகளில் ஒருத்திக்கு 46-ஆம் வாரம் முதல் ஆறு வாரங்கள் நாள்தோறும் படியேறப் பழக்கினர். மற்றவளை விட்டுவிட்டனர். 53-ஆம் வாரத்தில் இவள் பழக்கமின்றியே படியேறினாள். இரண்டே வாரப் பயிற்சியில் தமக்கையை ஏறத்தாழ எட்டிவிட்டாள். இதனை ஆயாவுக்கு எடுத்துரைத்தோம். "அவர்கள் வெள்ளைக்காரப் பிள்ளைகள்" என்றார் ஆயா. சரி, இந்தியக் குழந்தைகளும் சேர்ந்த கணக்கு வேண்டுமெனின் அதுவும் உண்டு. இந்தியா உள்ளிட்ட ஐந்து நாடுகளின் குழந்தைகளைக் கவனித்து உலக சுகாதார நிறுவனம் 2006-இல் வெளியிட்ட அளவின்படி, தனியே நடக்கும் காலம் 8.2 மாதம் முதல் 17.6 மாதம் வரை விரிகின்றது. கையூன்றித் தவழாமலே நடந்துவிடும் பிள்ளைகளும் உளர். முன்கூட்டிப் பிறந்தோர்க்கோ, முந்திய வாரங்களைக் கழித்தே வயது கணக்கிட வேண்டும். இவ்விருவருக்கும் ஐந்து வாரம் தள்ளுபடி.

சின்னவனைப் பற்றிய கவலை இவ்வாறு தீர்ந்தது. ஆனால் நாம் அனைவரும் தவறான குழந்தையையே பார்த்துக்கொண்டிருந்தோம்.

கண்டுபிடித்தவர் அங்கன்வாடிப் பணியாளர். எடை பார்க்க வந்தவர், குழந்தைகளின் முதுகுப்புறம் நின்று தம் சாவிக்கொத்தைக் குலுக்கினார். சின்னவன் சட்டென்று திரும்பினான். பெரியவன் திரும்பவில்லை. பெயர் சொல்லி அழைத்தார், இல்லை. ஆறு மாத அளவில் அவனும் கூவினான், பின்பு அது குறைந்துபோயிற்று என்று தாய் அப்பொழுதுதான் நினைவுகூர்ந்தார். காது கேளாத மதலையும் முதலில் குரலெழுப்புமாம், பின்னரே அடங்குமாம். அவன் நடையைக் கண்டு மயங்கிய நாம் எவரும் அவன் மௌனத்தைக் கேட்கவில்லை. பௌர்ணமி உறக்கத்தின் பொருளும் அன்றுதான் விளங்கிற்று.

ஈசாக்கு ஏசாவை விரும்பினார், ரெபேக்கா யாக்கோபை விரும்பினார் என்று தொடக்க நூல் கூறுவதைப் பலமுறை பிரசங்கித்திருக்கின்றோம். தோமையாரை நற்செய்தி 'திதிம்', அதாவது இரட்டையர், என்கின்றது. உடன்பிறந்தவர் யாரென்று சொல்வதில்லை. அவர் வீட்டிலும் ஓர் ஆயா இருந்து, யார் முந்தி நடந்தார் என்று பேசியிருப்பார் போலும்.

ஓராண்டுக் குழந்தையிடம் நடையைவிட முதலில் நோக்கத்தக்கவை உண்டு. பெயருக்குத் திரும்புகின்றதா? கட்டைவிரலாலும் சுட்டுவிரலாலும் பொரியை எடுக்கின்றதா? மறைத்த பொருளைத் தேடுகின்றதா? மழலையில் ஏற்ற இறக்கம் கேட்கின்றதா? திருவனந்தபுரத்தில் உருவாக்கப்பெற்று 1991-இல் வெளியான வளர்ச்சி அட்டவணையில் இத்தகைய 17 செயல்கள் உள்ளன. குழந்தையின் வயதுக்கோட்டில் ஒரு பென்சிலை நிறுத்தி, இடப்புறம் உள்ளவற்றை அது செய்கின்றதா என்று பார்ப்பர். காது விஷயத்தில் தாமதம் ஆகாது. பிறந்த முதல் மாதத்துக்குள் சோதனை, மூன்றாம் மாதத்துக்குள் உறுதி, ஆறாம் மாதத்துக்குள் சிகிச்சை என்பது மருத்துவர் வகுத்த கணக்கு. நம் பெரியவனுக்கு அது தவறிவிட்டது.

அரசு மருத்துவமனையில் சோதித்து, இரு செவிகளிலும் கடுமையான குறைபாடு என்றனர். பதினான்காம் மாதத்தில் செவிக்கருவி பொருத்தப்பட்டது. அது போதாவிடின், உட்செவிக் கருவி பொருத்தும் அறுவை சிகிச்சைக்கு முதலமைச்சரின் காப்பீட்டுத் திட்டம் உதவும் என்றும் கூறியுள்ளனர். பேச்சுப் பயிற்சிக்கு வாரந்தோறும் செல்கின்றனர். தந்தை அன்றைய கூலியை இழந்தே உடன் வருகின்றார்.

சென்ற பௌர்ணமி மாலை அவ்வீட்டுத் திண்ணையில் அமர்ந்திருந்தோம். சாலையில் எவரோ சங்கு ஊதினர். பெரியவன் கையிலிருந்த பொம்மையை விட்டுவிட்டு வாசற்பக்கம் தலையைத் திருப்பினான். தாய் நம்மைப் பார்த்தார். நாம் ஒன்றும் சொல்லவில்லை. சின்னவன் நடைவண்டியைக் கவிழ்த்துப் போட்டு, அதன் சக்கரத்தைச் சுற்றிக்கொண்டிருந்தான்.