ஊசிக்கூடு

என் தாயாரின் பதினாறாம் நாள் சடங்கு முடிந்தபின், அவர் விட்டுச்சென்ற தையற்பெட்டியைத் திறந்தேன். நூற்கண்டுகளுக்கு அடியில், சுண்டுவிரல் நீளத்தில் கறுத்த உருளை ஒன்று கிடந்தது. பால்மரக் கட்டையில் சீவிய அடைப்பான் அதன் வாயை மூடியிருந்தது. உள்ளே துருவேறிய நான்கு ஊசிகள். இளமையில் என் பாட்டியின் கையில் நான் கண்ட ஊசிக்கூடு அது. ஆனால், அது ஊசிக்கூடாகப் பிறந்ததன்று. துப்பாக்கித் தோட்டாவின் பித்தளைக் கூடு.

1942 ஜனவரி இறுதியில் பிரிட்டிஷ், இந்திய, ஆஸ்திரேலியப் படைகள் ஸ்கூடாய்ச் சாலை வழியே ஜொகூர் பாருவுக்கும், அங்கிருந்து சிங்கப்பூருக்கும் பின்வாங்கின. 31ஆம் நாள் ஜொகூர் கடற்பாலம் தகர்க்கப்பட்டது. அதன்பின், சாலையோரக் கால்வாயில் கிடந்த வெற்றுக் கூடு ஒன்றை, மரம் சீவும் தொழிலாளியான என் பாட்டனார் எடுத்து வந்தார். அடைப்பான் செதுக்கினார், விளிம்பருகே கத்தி முனையால் மூன்று கோடுகள் கீறினார், பாட்டியிடம் கொடுத்தார். எழுதப் படிக்க அறியாத அவருக்கு அம்மூன்று கோடுகளே கையெழுத்து. மறு ஆண்டு, சயாம் ரயில் பாதை வேலைக்குக் கொண்டு செல்லப்பட்ட பல்லாயிரம் தமிழருள் அவரும் ஒருவரானார். திரும்பி வரவில்லை. அவருடைய நிழற்படம்கூட எங்களிடம் இல்லை.

உரிமமின்றித் தோட்டா வைத்திருப்பது 1960ஆம் ஆண்டு ஆயுதச் சட்டப்படி குற்றம். ஆதலால், முதலில் காவல் நிலையத்தில் காட்டி, மருந்தற்ற வெறுங்கூடுதான் என உறுதி செய்துகொண்டேன். பிறகு அதைத் துலக்க விரும்பினேன். புளியிட்டுத் தேய்ப்பது நம் வீட்டு வழக்கம். ஆனால், கழுத்துக் குறுகிய அக்கூட்டினுள் விரலும் புகாது; துணியும் புகாது. ஸ்கூடாயில் மூக்குக்கண்ணாடிக் கடை நடத்தும் என் பழைய மாணவர் ஒருவரிடம் மீயொலித் துப்புரவுக் கருவி இருப்பது நினைவுக்கு வந்தது.

சிறியதோர் எஃகுத் தொட்டி. அதில் வெதுவெதுப்பான நீர். இரண்டு துளி பாத்திரம் கழுவும் சோப்பு. விசையை அழுத்தியதும் நீர் இரைந்தது. நொடிக்கு ஏறத்தாழ 40,000 அதிர்வுகள். அவ்வதிர்வு மனிதச் செவிக்கு எட்டாது. நீரில் எழும் இரைச்சலே கேட்கும். நுண்குமிழிகள் தோன்றித் தோன்றி நொறுங்குகின்றன. அந்நொறுங்கலின் வேகமே மூலை முடுக்கிலுள்ள அழுக்கைப் பெயர்க்கிறது. கூட்டின் வாயிலிருந்து சாம்பல் நிறப் புகைபோல அழுக்கு வெளிவந்தது. எண்பது ஆண்டுக் கரி!

"கையுறை அணிந்துகொள்ளுங்கள், ஐயா. தோட்டாக் கரியில் ஈயம் இருக்கும்" என்றார் மாணவர்.

"அந்தக் கண்ணாடி துடைக்கும் நீர்மத்தையும் சிறிது சேர்க்கலாமே?" என்றேன்.

"அதில் அம்மோனியா இருக்கிறது, ஐயா. பித்தளைக்கு ஆகாது."

அதன் காரணத்தைப் பின்னர்ப் படித்தறிந்தேன். பிரிட்டிஷ் இந்தியாவில், மழைக்காலத்தில் குதிரை லாயங்களில் வைக்கப்பட்ட தோட்டாக் கூடுகள் தாமாகவே பிளந்தன. தகட்டை இழுத்துக் கூடாக்கியபோது அதனுள் தங்கிய இறுக்கமும், குதிரைச் சிறுநீரிலிருந்து எழுந்த அம்மோனியாவும் சேர்ந்து செய்த வேலை அது என்பதை 1921இல் ஆய்வாளர் விளக்கினர். ஆசிரியன் அன்று மாணவனிடம் பாடம் கேட்டான்.

கூட்டை எடுத்துத் துடைத்தபோது அடித்தட்டில் எழுத்துகள் தெளிந்தன: கே, எஃப், 40. புனே நகரை அடுத்த கிர்க்கியில், இன்றைய கட்கியில், 1869இல் நிறுவப்பட்ட தோட்டாத் தொழிற்சாலையின் முத்திரை அது. பாட்டனாரைப் போலவே அதுவும் இந்தியாவிலிருந்து கடல் கடந்து வந்திருக்கிறது!

மேற்புறம் மட்டும் கறுப்பாகவே இருந்தது. "சிட்ரிக் அமிலம் சிறிது சேர்த்தால் புதிதுபோல் மின்னும், ஐயா. வெளிநாடுகளில் குறிபார்த்துச் சுடுவோர் சுட்ட கூடுகளை இப்படித் தூய்மை செய்து, புது மருந்தும் குண்டும் இட்டு மீண்டும் பயன்படுத்துகிறார்கள். நேரம் மிகுந்தால்தான் துத்தநாகம் கரைந்து செம்பு நிறம் மேலெழும்" என்றார்.

நான் தயங்கினேன். ஆணவ மலத்துக்குச் செம்பிற் களிம்பை உவமை கூறும் சைவ சித்தாந்தத்தை மாணவர்க்கு எத்தனையோ முறை விளக்கியவன் நான். ஆனால், இங்கே எது மலம்? அக்கருமையில் பாட்டியின் விரல்களும் தாயாரின் விரல்களும் படிந்திருக்கின்றன. மூன்று கோடுகள் கண்ணுக்குத் தெரிவதும், அவற்றின் பள்ளத்தில் கருமை தங்கியிருப்பதால்தான். துலக்கினால் பித்தளை மிஞ்சும், பாட்டனார் மிஞ்சமாட்டார். "போதும், தம்பி" என்றேன்.

மறுவாரம் வரலாற்றுப் பாடத்தில் அதை மாணவர்க்குக் காட்டினேன். காட்டிலோ மேட்டிலோ இத்தகைய பொருளைக் கண்டால் தொடாமல் பெரியவர்களிடம் கூறவேண்டும் என்று எச்சரித்தேன். முன்வரிசையிலிருந்த சிறுமி ஒருத்தி எழுந்து, "இதிலிருந்த குண்டு எங்கே போயிற்று, ஐயா?" என்று கேட்டாள்.

என்னிடம் விடை இல்லை. அக்குண்டு எவர் உடலைத் தேடிச் சென்றதோ, பாட்டனார் எந்தக் காட்டில் வீழ்ந்தாரோ, இரண்டையும் அறியேன். அறிந்தது ஒன்றே. உயிரைப் பறிப்பதற்காக ஒருமுறை நிரப்பப்பட்ட கூட்டை, அவர் மறுமுறை நிரப்பினார். கிழிந்ததைத் தைக்கும் ஊசிகளால் நிரப்பினார். துருவேறிய நான்கையும் எடுத்துவிட்டுப் புதிய ஊசிகளை இட்டு வைத்திருக்கிறேன். அடைப்பான் அவர் செதுக்கிய அதே அடைப்பான்தான்.