அடுக்குதல்

போன மே மாத விடுமுறைக்கு மகளைக் கூட்டிக்கொண்டு இருக்கன்குடிக்கு வந்தபோது, அவளுடைய பொம்மை மூட்டை என் துணிப்பையைவிடப் பெரிதாக இருந்தது. மகளுக்கு நாலு வயசு. மனைவி வேலை முடித்து பத்து நாள் கழித்து வருவதாக ஏற்பாடு. எனக்கு வீட்டிலிருந்தே ஆபீஸ் வேலை. இரண்டாம் நாள் காலையில் ஒரு மீட்டிங்குக்கு நடுவே லீகோ கட்டை ஒன்றை வெறுங்காலால் மிதித்துவிட்டு, பத்துப் பேர் பார்த்துக்கொண்டிருக்க ஒற்றைக் காலில் நின்றேன். அன்று சாயங்காலமே சாத்தூருக்குப் போய் ஒன்பது பிளாஸ்டிக் டப்பாக்கள் வாங்கி வந்தேன்.

சாஃப்ட்வேர்காரனுக்கு ஒன்பது காலி டப்பா கிடைத்தால் என்ன செய்வான்? வகை பிரிப்பான். விலங்குகள், வண்டிகள், சமையல் சாமான், டாக்டர் செட், லீகோ, கிரேயான்... ஒவ்வொரு டப்பாவிலும் படம் வரைந்து ஒட்டினேன். முதல் சிக்கல் அப்போதே வந்தது. சக்கரம் வைத்த டைனோசர் ஒன்று இருந்தது. அது விலங்கா, வண்டியா? மகளிடம் கேட்டேன். "அதுக்குப் பசிக்குதுப்பா" என்று சொல்லி சமையல் சாமான் டப்பாவில் போட்டாள். என் வகைப்பாடு பொருளை வைத்து. அவளுடையது கதையை வைத்து. இதை அன்றைக்கே யோசித்திருந்தால் இந்தக் கட்டுரைக்கு வேலை இருந்திருக்காது.

மூன்றாம் நாள் சுவரில் ஒரு சார்ட் ஒட்டினேன். ஒரு டப்பா அடுக்கினால் ஒரு ஸ்டார். பத்து ஸ்டார் சேர்ந்தால் மாரியம்மன் கோயில் கடையில் ஒரு பொம்மை. பொம்மையை ஒதுங்க வைக்கப் பரிசு இன்னொரு பொம்மை என்பது அப்போது எனக்கு உறைக்கவில்லை. இரண்டு நாள் வீடு கண்ணாடி மாதிரி இருந்தது. அதற்கடுத்த நாள் கவனித்தேன்: அடுக்கி வைத்த டப்பாவை மகளே கொட்டிவிட்டுத் திரும்ப அடுக்கிக்கொண்டிருந்தாள். ஸ்டாருக்காக. எதை அளக்கிறோமோ அதை மட்டும் செய்து கொடுப்பது எங்கள் தொழிலிலும் தினம் நடப்பதுதான். நானும் தொழில் புத்தியோடு விதியை இறுக்கினேன். வேண்டுமென்று கொட்டினால் கணக்கில் சேராது. கலந்து வைத்தால் ஒரு ஸ்டார் கழிவு.

அன்று ராத்திரி டாக்டர் செட்டில் ஒரு கரண்டி கிடந்தது. பேனாவால் ஒரு ஸ்டாரை அடித்தேன். மகள் உதட்டைப் பிதுக்கினாள். அடுப்படி வாசலில் நின்று பார்த்துக்கொண்டிருந்த அம்மா சொன்னாள்: "எங்க ஆபீஸ்லயும் இப்பிடித்தான்யா கழிப்பாக."

எங்கள் பக்கம் ஆபீஸ் என்றால் தீப்பெட்டி ஆபீஸ். அம்மா சின்ன வயதில் அங்கே போனது எனக்குத் தெரியும். ஆனால் 'போனாள்' என்ற ஒரு வார்த்தைக்கு மேல் நான் கேட்டதில்லை. அன்றுதான் கேட்டேன்.

ஒன்பது வயசில் போயிருக்கிறாள். விடியுமுன் பஸ் வரும். கட்டை அடுக்குகிற வேலை. பள்ளம் பள்ளமாகக் கீறிய சட்டத்தில் மருந்து தொடாத குச்சிகளைப் பரப்பி, பள்ளத்துக்கு ஒன்றாக உட்காரவைத்து, அதன்மேல் அடுத்த சட்டம், அதன்மேல் அடுத்தது. நிறைந்ததும் இறுக்கி அனுப்பினால், நுனிகளை முதலில் மெழுகிலும் பிறகு மருந்திலும் முக்குவார்கள். ஒரு குச்சி தூக்கி நின்றால் மருந்து சமமாகப் பிடிக்காது. அதனால்தான் கழிவு. கூலி நாளுக்கு இல்லை, கட்டைக்கு.

"நாந்தான் அதுல வேகம்" என்றாள் அம்மா. குரலில் வருத்தமில்லை, பெருமைதான் இருந்தது. எனக்கு அதுதான் தாங்கவில்லை. வந்த நாளிலிருந்து ஒன்றைப் பார்த்துக்கொண்டிருந்தேன். மகள் இறைத்துப் போட்ட கிரேயான்களை அம்மா அள்ளினால், பேச்சு எங்கேயோ இருக்கும், கண் டிவியில் இருக்கும். உள்ளங்கையால் ஒரு தட்டு தட்டுவாள். அத்தனை கிரேயானும் நுனி ஒரே பக்கமாக, ஒரே மட்டமாக நிற்கும். "ஆச்சி மேஜிக்" என்று மகள் கை தட்டுவாள். நானும் சிரித்திருக்கிறேன்.

குழந்தைத் தொழிலாளர் தடை மற்றும் ஒழுங்குமுறைச் சட்டம் 1986இல் வந்தது. சிவகாசி வழக்கில் உச்ச நீதிமன்றம் 1996 டிசம்பர் 10 அன்று தீர்ப்புச் சொன்னது. சட்டத்தை மீறி வேலைக்கு வைத்த ஒவ்வொரு குழந்தைக்கும் முதலாளி 20,000 ரூபாய் கட்ட வேண்டும், அது அந்தக் குழந்தையின் நலனுக்குப் போக வேண்டும் என்றது. சட்டம் வந்தபோது அம்மாவுக்கு இருபது வயது தாண்டியிருந்தது. தீர்ப்பு வந்தபோது நான் பள்ளிக்கூடத்தில் இருந்தேன். என் கால்சட்டைப் பையில் தீப்பெட்டிப் படங்கள் இருந்தன.

தீப்பெட்டிப் படம் விளையாடாத பையன்கள் அப்போது எங்கள் ஊரில் இல்லை. நான் சேவு டப்பா ஒன்றில் நூற்றுக்கணக்கில் வைத்திருந்தேன். மிருகம் தனி, பூ தனி, சாமி தனி. சில நாள் எல்லாவற்றையும் கலைத்து நிறம் பார்த்துப் பிரிப்பேன். யாரும் அடுக்கச் சொன்னதில்லை, ஸ்டாரும் தந்ததில்லை. யோசித்தால் நான் எழுதிய முதல் புரோகிராம் அந்தச் சேவு டப்பாதான். அம்மா கூலிக்கு அடுக்கிய அதே பொருளின் மேலட்டையை, அவள் மகன் ஆசைக்கு அடுக்கியிருக்கிறான். ஒரு தலைமுறையில் எங்கள் வீடு கடந்த தூரம் அவ்வளவுதான். அந்தத் தூரத்தைத்தான் நான் ஒரு சார்ட் ஒட்டித் திரும்பி நடந்திருக்கிறேன்.

அமெரிக்காவில் ஸ்டான்ஃபோர்டு வளாக நர்சரிப் பள்ளியில் செய்த ஓர் ஆய்வு 1973இல் வெளியானது. செய்தவர்கள் லெப்பர், கிரீன், நிஸ்பெட் என்ற மூன்று உளவியலாளர்கள். ஏற்கெனவே வரைவதில் ஆசை உள்ள குழந்தைகளில் ஒரு பகுதியினரிடம், வரைந்தால் சான்றிதழ் தருவோம் என்று முன்கூட்டியே சொன்னார்கள். சில நாள் கழித்துப் பார்த்தபோது, அந்தக் குழந்தைகள் மற்றவர்களைவிடக் குறைவாகவே பேனாவைத் தொட்டார்கள். கூலி வந்ததும் விளையாட்டு வேலையாகிவிடுகிறது. இதை நான் இன்ஜினியரிங் முடித்து பல வருஷம் கழித்துப் படித்தேன். அம்மா படிக்காமலே ஒரு வாக்கியத்தில் சொல்லிவிட்டாள்.

அதற்காக, குழந்தைகளுக்கு அடுக்கவே பிடிக்காது என்று சொல்லமாட்டேன். 1907இல் ரோம் நகரின் ஏழைக் குடியிருப்பில் மரியா மாண்டிசோரி தொடங்கிய பள்ளியில், சாமான்களை ஆசிரியை அலமாரியில் வைத்துப் பூட்டுவார். ஒருநாள் பூட்ட மறந்துவிட்டார். மறுநாள் பார்த்தால் குழந்தைகளே வேண்டியதை எடுத்து வேலையைத் தொடங்கியிருந்தார்கள். அதன் பிறகுதான் கைக்கு எட்டும் உயரத்தில் திறந்த அலமாரி வந்தது. எடுப்பதும் வைப்பதும் அவர்கள் பாடு. 1939இல் அவர் சென்னை அடையாறுக்கு வந்து ஆசிரியர்களுக்குப் பயிற்சியும் தந்தார். அவர் அலமாரியைத் தாழ்த்தினார். நான் சார்ட்டை உயரத்தில் ஒட்டினேன்.

மறுநாள் அதைக் கிழித்தேன். உடனே எல்லாம் சரியாகிவிடவில்லை. "ஸ்டார் எங்கப்பா?" என்று மகள் கேட்டாள். இனிமேல் இல்லை என்றேன். "அப்ப நான் அடுக்க மாட்டேன்" என்று கையைக் கட்டிக்கொண்டாள். நியாயமான வேலைநிறுத்தம். நாலு நாள் வீடு போர்க்களமாகக் கிடந்தது. நான் செருப்புப் போட்டுக்கொண்டு வீட்டுக்குள் நடந்தேன்.

ஐந்தாம் நாள் ராத்திரி மூவரும் தரையில் உட்கார்ந்திருந்தோம். நான் டப்பாக்களில் ஒட்டிய படங்களை உரித்துக்கொண்டிருந்தேன். மகள் டைனோசரைத் தூக்கி, "இது எங்க தூங்கும் ஆச்சி?" என்று கேட்டாள். "எங்க தூங்குதோ தூங்கட்டும் தாயி" என்றாள் அம்மா. மகள் கொஞ்சம் யோசித்துவிட்டு அதைச் சோற்றுப் பானைக்குப் பக்கத்தில் படுக்கவைத்தாள். பிறகு ஒன்றிரண்டு கார்களையும் கூட்டி வந்தாள். எல்லாம் ஒரே டப்பாவில்.

கிரேயான்கள் மட்டும் வெளியே கிடந்தன. அம்மாவின் கை தானாக அவற்றின் பக்கம் போனது. நான் அந்தக் கையைப் பிடித்து என் மடியில் வைத்துக்கொண்டேன்.

"என்னய்யா?" என்றாள்.

"கிடக்கட்டும்மா" என்றேன்.