கத்தரிப்பூ நிறம்

அத்திப்பட்டிலிருந்து பொன்னேரிக்கு மின்சார ரயிலில் வரும் வேதியியல் மாணவன் நான். எங்கள் ஊர்ச் சாலையில் போகும் டேங்கர் லாரிகளில் எழுதியிருக்கும் ரசாயனப் பெயர்களை எழுத்துக்கூட்டிப் படிப்பது சிறுவயதில் எனக்கு விளையாட்டு. ‘மெதனால்’ என்ற பெயர் மட்டும் எங்கள் வீட்டில் எல்லோருக்கும் தெரியும். கள்ளச்சாராயத்தில் கலந்து வந்து பெரியப்பாவின் பார்வையைக் கொண்டுபோனது அதுதான்.

“வாசனையும் அதேதான், காட்டமும் அதேதான் தம்பி” என்பார்.

நாக்கு அறியாததை அறியும் ஆசையால் வேதியியல் எடுத்தேன் என்றால் அது பொய். என் மதிப்பெண்ணுக்குக் கிடைத்த இடம் இது! ஆனால் 2024 ஜூனில் கள்ளக்குறிச்சியில் மெதனால் கலந்த சாராயம் 60க்கும் மேற்பட்டோரைப் பலிகொண்ட பிறகு அந்தக் கேள்வி என்னை விடவில்லை. ஆசிரியரிடம் சொன்னேன். ஒரு நாள் செய்துபார்க்க அனுமதித்தார்.

எதில் ஆல்கஹாலில் வெவ்வேறு சிறு அளவுகளில் மெதனாலைக் கலந்து, நீர் சேர்த்துக் குழாய்களில் எடுத்துக்கொண்டேன். அமிலம் சேர்த்த பொட்டாசியம் பெர்மாங்கனேட், மெதனாலைப் பார்மால்டிஹைடாக மாற்றும். மிஞ்சிய பெர்மாங்கனேட்டின் நிறத்தைச் சோடியம் பைசல்பைட்டால் போக்கிவிட்டு, குரோமோட்ரோபிக் அமிலம் சேர்க்க வேண்டும். அடுத்து, குழாயைப் பனிக்கட்டி நீரில் வைத்தபடி அடர் கந்தக அமிலம். இங்கே கை நடுங்கியதை மறைப்பானேன்? வெந்நீரில் சூடாக்கியதும் ஊதா நிறம் எழுந்தது. மெதனால் கூடக் கூட நிறம் அடர்ந்தது. எதில் ஆல்கஹால் மட்டும் இருந்த குழாயில் அந்த ஊதா வரவில்லை.

ஊதாக் கரைசல் மஞ்சள் ஒளியை உறிஞ்சும். ஆகவே நிறமானியில் மஞ்சள் வடிகட்டியைப் பொருத்தி அளந்தேன். புள்ளிகள் ஒரே நேர்கோட்டில் விழவேண்டும். என் மூன்றாம் குழாய் மட்டும் கோட்டை விட்டு விலகி நின்றது, பிப்பெட்டில் அவசரப்பட்டிருக்கிறேன்.

பாடத்தில் படித்தபோது உறைக்காத ஒன்று அன்று உறைத்தது. கல்லீரலும் மெதனாலை முதலில் பார்மால்டிஹைடாகவே மாற்றுகிறது. அது பார்மிக் அமிலமாகிக் கண் நரம்பைக் கெடுக்கிறது. குழாயில் நான் நடத்திய முதற்படியும் பெரியப்பாவின் உடம்பில் அன்றிரவு நடந்த முதற்படியும் ஒன்றே.

வீட்டுக்கு வந்து எல்லாவற்றையும் அவரிடம் சொன்னேன்.

“என்ன கலருடா அது?”

“கத்தரிப்பூ கலர், பெரியப்பா.”

“அது தெரியறதுக்கு எவ்வளவு நேரம் ஆவுது?”

“ஒரு மணி நேரம்.”

“எனக்கு மறுநாள் சாயங்காலம் வரைக்கும் ஒண்ணுமே தெரியலையே” என்றார். சற்று நேரம் கழித்து, “அந்த மூணாவது குழாயை என்ன பண்ணே?” என்று கேட்டார்.

வியாழக்கிழமை மறுபடியும் செய்யப்போகிறேன்.