மூட்டையும் பொட்டலமும்

பணமுடையான் மலிவாக வாங்குகிறான். பணமில்லாதவன் அதிக விலை கொடுத்து வாங்குகிறான். கேட்பதற்கு விந்தையாகத் தோன்றும் இவ்வுண்மையை அறியப் பெரிய பொருளாதார நூல்களைப் புரட்ட வேண்டுவதில்லை. சிம்பாங் ரெங்கம் பட்டணத்தில், சம்பளத் தினத்தை அடுத்து வரும் ஞாயிற்றுக்கிழமையன்று, ஒரு மளிகைக் கடை வாயிலில் அரை மணி நேரம் நின்றால் போதும். காரில் வந்தவர் மூட்டையாகவும் பெட்டியாகவும் வாங்கிச் செல்கிறார். மோட்டார் சைக்கிளில் வந்த செம்பனைத் தோட்டத் தொழிலாளி கால் கிலோ பருப்பும் நூறு கிராம் மிளகாய்த்தூளும் பொட்டலமாக வாங்கிச் செல்கிறார். கிலோக் கணக்கில் வகுத்துப் பார்த்தால் பின்னவர் கொடுத்ததே அதிகம். காரணம் யாதெனில், பொட்டலம் கட்டும் கூலியும், காகிதத்தின் விலையும், கடைக்காரர் பன்முறை நிறுக்கும் நேரமும் அச்சிறு பொட்டலத்தின் தலையிலேயே ஏறுகின்றன.

இந்த ஒரு நுட்பத்தை மூலதனமாகக் கொண்டு அமெரிக்காவில் பெரிய வாணிபமே எழுந்தது. 1976இல் சோல் பிரைஸ் என்பவர் சான் டியேகோ நகரில், பழைய விமானக் கொட்டகை ஒன்றில், ‘பிரைஸ் கிளப்’ என்னும் கிட்டங்கிக் கடையைத் திறந்தார். 1983இல் சியாட்டில் நகரில் ‘காஸ்ட்கோ’ தோன்றிற்று. இரண்டும் 1993இல் ஒன்றாயின. ஆண்டுச் சந்தா செலுத்திய அங்கத்தினரே அங்கு வாங்கலாம். அலங்காரம் இல்லை, சரக்கு வந்த பலகையின் மீதே விற்பனை. சரக்கில் வைக்கும் இலாபம் சொற்பம். சந்தாப் பணமே அவர்களுடைய ஆதாயத்தின் முதுகெலும்பு.

அக்கடைகள் நாட்டுக்கு நாடு வேறுபடுவது கவனிக்கத்தக்கது. கொரியாவில் அந்நாட்டு இறைச்சிப் பக்குவத்தை ரொட்டிக்குள் வைத்து விற்கிறார்கள். ஜப்பானில் சூஷித் தட்டு. ஹவாய்த் தீவில் பச்சை மீனால் செய்யும் போக்கே. கூரை ஒன்றாயினும் நாவு ஒன்றன்று என்பதை வியாபாரி அறிந்திருக்கிறான்.

நம் நாட்டில் அத்தகைய சந்தாக் கடை வேரூன்றவில்லை. 1993இல் வந்த ‘மாக்ரோ’ அட்டை பெற்ற வாடிக்கைக்காரர்க்கு மொத்தமாக விற்றது. 2006இல் அது டெஸ்கோவின் கைக்கு மாறிற்று. 2021 முதல் அக்கடைகள் ‘லோட்டஸ்’ என்னும் பெயர் பூண்டன. எனினும் மொத்தச் சரக்குக் கடைகளுக்கு ஜொகூரில் குறைவில்லை. அவற்றுள் நுழைந்தால் நம் கண் முதலில் தேடுவன சில உண்டு. இந்தியப் புழுங்கல் அரிசி மூட்டை, துவரம்பருப்பு, காம்பு நீக்காத வற்றல் மிளகாய், அண்டை ஊரான குளுவாங்கின் காப்பித்தூள், பத்து பகாட்டில் செய்யப்படும் ‘ஹப் செங்’ பிஸ்கோத்துப் பெட்டி. வடக்கே கிளந்தானுக்குச் சென்றால் ‘புடு’ என்னும் மீன்சாற்றைப் போத்தல் போத்தலாகக் காணலாம். நம் ஊரிலோ சாலையோரத்து அன்னாசிக் குவியலே பெருமை. அன்னாசியைக் கிட்டங்கியில் தேடுவானேன்?

மூட்டையெல்லாம் மலிவு என்று கண்ணை மூடிக்கொண்டு நம்புதலும் தவறு. சமையல் எண்ணெய்க்கான அரசாங்க மானியம் ஒரு கிலோப் பைக்கு மட்டுமே உண்டு. அதன் விலை 2 வெள்ளி 50 காசு. பெரிய போத்தலுக்கு மானியம் இல்லை. ஆகவே எண்ணெயில் சிறியதே மலிவு! புழுங்கல் அரிசியின் கதை வேறு. 2023 ஆகஸ்டில் இந்திய அரசு அதன் ஏற்றுமதிக்கு நூற்றுக்கு 20 வீதம் வரி விதித்தது. 2024 அக்டோபரில்தான் அவ்வரி முற்றும் நீங்கிற்று. டில்லியில் இடும் ஒரு கையெழுத்து நம் உலையில் கொதிக்கும் அரிசியைத் தொடுகிறது. கணக்கறிந்து வாங்குவதே அறிவுடைமை.

அறிவு இருந்தும் கையில் ரொக்கமில்லாதவர் என் செய்வது? இக்கேள்விக்கு உலகம் முன்னரே விடை கண்டிருக்கிறது. 1844இல் இங்கிலாந்தின் ராச்டேல் ஊரில், ஏழை நெசவாளர் முதலானோர் இருபத்தெட்டுப் பேர் சிறுகச் சிறுகப் பணம் சேர்த்து, வெண்ணெய், சர்க்கரை, மாவு, மெழுகுவத்தி என்னும் சில சரக்குகளோடு ஒரு கடை திறந்தனர். சென்னைத் திருவல்லிக்கேணியில் 1904இல் அவ்வழியிற் கூட்டுறவுப் பண்டகசாலை எழுந்தது. விலைவாசி ஏறிய 1973இல் சிங்கப்பூர்த் தொழிற்சங்கம் தன் கடையைத் திறந்தது. நம்மவர்க்கும் இத்திறன் இல்லாமலில்லை. தோட்டங்கள் துண்டாடப்பட்ட காலத்தில், 1960இல், துன் வீ. தி. சம்பந்தன் முயற்சியால் தேசிய நில நிதிக் கூட்டுறவுச் சங்கம் பிறந்தது. பால்மரம் சீவிய கைகளே பணம் சேர்த்துத் தோட்டங்களை வாங்கின. தோட்டத்தையே வாங்கிய சமூகம் ஒரு மூட்டைப் பருப்பை வாங்க மாட்டாதா?

நாம் குடியிருக்கும் வரிசையில் ஐந்து வீட்டார் கூடி இதனைச் செய்து வருகிறோம். மாதம் ஒருமுறை ஒருவர் சென்று வாங்கி வருகிறார்; தராசு ஒன்று; கணக்குப் புத்தகம் ஒன்று. அப்புத்தகம் பெண்டிர் கையில் இருக்கிறது. தொடக்கத்தில் ஒரு மூதாட்டி, “யார் வீட்டுத் திண்ணையில் நிறுப்பீர்கள்?” என்று கேட்டார். அக்கேள்வியின் உள்ளே சாதி ஒளிந்திருந்ததை எல்லோரும் உணர்ந்தோம். “மாதம் ஒரு வீட்டுத் திண்ணை, பாட்டி, உங்கள் வீட்டிலும் நிறுப்போம்” என்றாள் கணக்கெழுதும் பெண். மூன்றாம் மாதம் பாட்டியே தராசைத் துடைத்து வைத்திருந்தார். பருப்பு எல்லார் வீட்டிலும் ஒரே நேரத்தில்தான் வெந்தது.

கிலோவுக்கு 50 காசு மிஞ்சினால், மாதம் இருபது கிலோச் சாமானுக்கு 10 வெள்ளி. ஆண்டுக்கு 120 வெள்ளி. ஒரு பிள்ளையின் பள்ளிச் சீருடைக்கும் காலணிக்கும் அது பெரும்பாலும் போதும். குடிக்கடையில் அத்தொகை ஓரிரு மாலைகளில் கரையும்.

திருவிழா என்றால் ஒரு வாரத்தில் ஆயிரக்கணக்கில் தண்டல் சேர்கிறது. ரசீது எழுதவும், வீடு வீடாக ஏறி இறங்கவும், கணக்கு வாசிக்கவும் ஆட்கள் இருக்கிறார்கள். அந்த ஆட்களும் அந்த ரசீதுப் புத்தகமும் சமையலறைக்கு மட்டும் ஏன் உதவக்கூடாது? தோட்டத்து நேயர்களே, பட்டணத்து நேயர்களே! அடுத்த சம்பளத் தினத்துக்கு முன் பக்கத்து வீட்டுக் கதவைத் தட்டிப் பேசுங்கள். ஐவர் சேர்ந்தால் மூட்டை. தனியே நின்றால் பொட்டலம்.