கார்லாவுக்கு அடுத்த ஸ்டேஷன்

செகந்திராபாத் சைனிக்புரியில் ஏக்கத்துக்குக் குறைவில்லை. ராணுவத்திலிருந்து ஓய்வு பெற்றவர்கள் மனை வாங்கி வீடு கட்டிக் குடியேறிய காலனி இது. பக்கத்திலேயே விமானப்படைக்காரர்களின் வாயுபுரி, இந்தப் பக்கம் டிஃபன்ஸ் காலனி. காலை நடையில் எதிரே வருகிற ஒவ்வொருவர் மனசுக்குள்ளும் ஒரு ஊர் உட்கார்ந்திருக்கும். ஒருவருக்கு லே. இன்னொருவருக்கு ஜபல்பூர் மெஸ்ஸில் ஞாயிற்றுக்கிழமை மத்தியானம் பரிமாறிய மட்டன். மாமரம் நின்ற காம்பவுண்டுகள் ஒவ்வொன்றாகக் காபிக் கடையாகவும் பல் கிளினிக்காகவும் மாறிக்கொண்டிருக்க, அவர்கள் அதைக் கண்டுகொள்ளாமல் லடாக் பனியைப் பற்றியே பேசிக்கொண்டு நடப்பார்கள். ராணுவ மருத்துவமனை நர்ஸாக நானும் பல ஊர் தண்ணீர் குடித்தவள்தான். ஆனால் என் மனசு போய் நிற்கிற இடம் அதில் எதுவும் இல்லை. செகந்திராபாத்தில் ரயிலேறினால் நாலு மணி நேரத்தில் வந்துவிடுகிற ஒரு ஜங்ஷன் ஊர், தோர்ணக்கல்.

திருநெல்வேலிச் சீமைக் கிறிஸ்தவர்களுக்கு அந்தப் பெயரை விளக்க வேண்டியதில்லை. 1903 பிப்ரவரி 12 அன்று திருநெல்வேலியில் இந்திய மிஷனெரி சங்கத்தைத் தொடங்கினார்கள். வெள்ளைக்காரர் பணமும் வேண்டாம், வெள்ளைக்காரர் மேற்பார்வையும் வேண்டாம், நம் காணிக்கையில் நம் ஆளை அனுப்புவோம் என்று துணிந்த சங்கம். மறு வருஷம் சாமுவேல் பாக்கியநாதன் என்பவரை நிஜாம் சீமைக்கு, மானுக்கோட்டைக்கு அனுப்பினார்கள். இன்றைய மகபூபாபாத்தான் அது. தெலுங்கு பேசும் ஊருக்குப் பனங்காட்டிலிருந்து ஒரு மிஷனெரி! அந்தச் செலவுக்கு எங்கள் ஊர்ப் பெண்கள் கொடுத்தது பெரும்பாலும் பிடியரிசி. எங்கள் ஆச்சி உலையில் அரிசி போடுமுன் ஒரு பிடி அள்ளித் தனிக் கலயத்தில் போடுவாள். கலயம் நிறைந்ததும் கோயிலுக்குப் போகும், அங்கே ஏலம் விடுவார்கள், பணம் சங்கத்துக்கு. எனக்கு அந்த ஏலக் கணக்கெல்லாம் வெகுநாள் தெரியாது. எங்கள் வீட்டு அரிசியே ரயிலேறிப் போய் யாரோ ஒரு தெலுங்குப் பிள்ளையின் தட்டில் விழுகிறது என்றுதான் நினைத்துக்கொண்டிருந்தேன்.

அந்தச் சங்கத்தைத் தொடங்கியவர்களில் முதன்மையானவர் மெஞ்ஞானபுரத்துக்குப் பக்கத்து வெள்ளாளன்விளையில் பிறந்த வி.எஸ்.அசரியா. ஒய்.எம்.சி.ஏ. செயலாளராக ஊர் ஊராகச் சுற்றிக்கொண்டிருந்தவர், அனுப்பினால் மட்டும் போதுமா என்ற கேள்வி உறுத்த, 1909-இல் தானே தோர்ணக்கல்லுக்குக் குடிபெயர்ந்தார். மனைவி அன்பு மரியம்மாள், தென்னிந்தியாவில் கல்லூரிப் படியேறிய முதல் கிறிஸ்தவப் பெண்களில் ஒருவர். 1912 டிசம்பர் 29 அன்று கல்கத்தாவில் அசரியா பேராயராக அபிஷேகம் பெற்றார். ஆங்கிலிக்கன் சபையில் அந்த இடத்துக்கு வந்த முதல் இந்தியர். ஊரில் அவர் கட்டிய பேராலயம் 1939-இல் பிரதிஷ்டையானது. தூரத்திலிருந்து பார்த்தால் மசூதியோ என்று தோன்றும், கிட்டே போனால் தாமரையும் தூணுமாகக் கோயில் மண்டபம், உள்ளே சிலுவை. நிஜாம் நாட்டில் ஒரு தமிழன் தெலுங்கருக்குக் கட்டிய கோயில் வேறு எப்படி இருக்கும்? 1945 ஜனவரி 1 அன்று அவர் கண்மூடியதும் தோர்ணக்கல்லில்தான்.

இதெல்லாம் தெரிந்திருந்தும் ஓய்வு பெற்று இங்கே வீடு கட்டும்வரை நான் அந்த ஊரில் கால் வைத்ததில்லை. வைக்கவைத்தது ஒரு போட்டோ. அந்தப் பக்கத்துக் கிராமங்களில் பள்ளிக்கூடப் பிள்ளைகளுக்கு விடுதி நடத்திய ஒரு ஊழியத்தைச் சேர்ந்தவர்கள் எங்கள் சபைக்கு வந்து, ஆளுக்கொரு பிள்ளையை ஏற்றுக்கொள்ளச் சொன்னார்கள். மாதம் இவ்வளவு, பதிலுக்கு ஒரு போட்டோ, ஒரு எண், வருஷத்துக்கு இரண்டு கடிதம். எனக்குக் கிடைத்தது நாலாம் வகுப்புப் பெண். எண்ணெய் வழிய வாரி, சிவப்பு ரிப்பன் மடித்துக் கட்டி, போட்டோக்காரர் சொன்னதற்காக மூச்சைப் பிடித்துக்கொண்டு நின்ற பிள்ளை. அவள் பெயரை இங்கே எழுதமாட்டேன், அது அந்த விடுதியின் விதி. விலாசம் கேட்கக் கூடாது, கொடுக்கக் கூடாது, தனியாக வெளியே அழைத்துப் போகக் கூடாது, கடிதம் ஆபீஸ் வழியாகத்தான் போகவேண்டும். முதலில் எனக்குச் சுருக்கென்று இருந்தது. ஆனால் பிள்ளையைக் காட்டிப் பணம் கேட்கிற இடத்தில் பிள்ளைக்குக் காவலாக இருப்பது அந்த விதி ஒன்றுதான். பட்டாளத்தில் இருந்தவளுக்கு அது புரியாமல் போகாது.

அவளைப் பார்க்கப் போகக் காலை வண்டி. ஜனகாம், காஜிப்பேட்டை, வாரங்கல், மகபூபாபாத். பருத்திக் காடு முடிந்து மிளகாய்க் காடு தொடங்கியதும் கார்லா வரும், அடுத்தது தோர்ணக்கல். இறங்கி ஷேர் ஆட்டோ. விடுதி வாசலில் பிள்ளைகள் இரண்டு வரிசையாக நின்று "வந்தனாலு ஆண்ட்டி" என்று ஒரே குரலில் சொல்லும். ஒரு பாட்டு, ஒரு நடனம், போதகர் அய்யகாரு ஒரு ஜெபம், நான் அரைகுறைத் தெலுங்கில் நாலு வார்த்தை. இந்தப் பகுதி எனக்கு ஒருநாளும் பிடித்ததில்லை. வெயிலில் நிற்கவைத்து நன்றி சொல்லவைத்தால் எந்தப் பிள்ளைக்குத்தான் வந்தவர்மேல் பிரியம் வரும்? ஆனால் பப்புச்சாறும் முட்டையுமாகச் சாப்பாடு முடிந்து, வார்டனம்மா ஒரு சாய்வு சாய்ந்துகொள்ளப் போனதும் வேறு ஒரு நேரம் தொடங்கும்.

நான் ஏற்றுக்கொண்ட பிள்ளை தன் டிரங்குப் பெட்டியை இழுத்துக்கொண்டு வருவாள். சாவி கழுத்தில் கறுப்புக் கயிற்றில். பிளேடால் இரண்டாக அறுத்த சோப்பு, ஒரு பாதி இந்த மாதத்துக்கு, மறு பாதி அடுத்த மாதத்துக்கு. குப்பியில் எண்ணெய், மூடியில் ஊசியால் கீறிய பெயர். அடியில் நான் எழுதிய கடிதங்கள், தேதி வாரியாக. என் ஆங்கிலத்தின் மேல் ஆபீஸ்காரர் செய்த தெலுங்கு பின் அடித்திருக்கும். எங்கள் நாய் குட்டி போட்டதை ஒரு பக்கத்துக்கு எழுதியிருந்தேன். தெலுங்கில் இருந்தது இரண்டே வரி, நலமாக இருக்கிறேன், உனக்காக ஜெபிக்கிறேன். கூட வைத்திருந்த போட்டோவைக் காட்டி, "இந்த நாய் யாருடையது?" என்று அவள் கேட்டபோதுதான் விஷயம் வெளியே வந்தது. கதையை நேரில் சொன்னேன். பால் குடிக்க முந்துகிற குட்டிகளை நான் நடித்துக் காட்ட, நான் பிழையாகச் சொன்ன தெலுங்கையெல்லாம் அவள் டீச்சர் மாதிரி திருத்தினாள்.

ஒருமுறை நாடி பார்க்கக் கற்றுக்கொடுத்தேன். மணிக்கட்டில் கட்டைவிரல் பக்கமாக மூன்று விரலை வைக்க வேண்டும், கட்டைவிரலை வைக்கவே கூடாது, அதில் உன் துடிப்பே உனக்குக் கேட்கும். அரை நிமிஷம் எண்ணி இரட்டிக்க வேண்டும். என் வாட்ச்சைக் கழற்றி வாங்கிக்கொண்டு அவள் செய்த அதிகாரம்! பிள்ளைகளை வரிசையில் உட்காரவைத்து ஒவ்வொரு கையாகப் பிடித்தாள். சிரிக்கிற பையனிடம், சிரித்தால் எண்ணிக்கை தப்பாகும் என்று அதட்டல். சமையல்காரம்மா கரண்டியோடு வந்து கையை நீட்டினாள், தொண்ணூற்றாறு. வார்டனம்மா கொட்டாவி விட்டுக்கொண்டு வந்து தானும் உட்கார்ந்தாள். கடைசியில் என் கை. என் முகத்தைப் பார்க்காமல் வாட்ச்சை மட்டும் பார்த்துக்கொண்டு, உதடு மட்டும் அசைய எண்ணினாளே, பட்டாளத்தில் நான் பயிற்சி கொடுத்த பெண்களில் பாதிப் பேருக்கு அந்தக் கவனம் கிடையாது.

மிளகாய்ப் பறிப்பு நாளில் போனால் அவள் அம்மா காட்டிலிருந்து அப்படியே வந்து நிற்பாள். விரல் நுனியெல்லாம் எரியும் என்று கையைத் தள்ளியே வைத்துக்கொள்வாள், என்னைத் தொடமாட்டாள். ஆனால் பேப்பரில் பொதிந்த வற்றல் மிளகாய் ஒரு பொட்டலம் தராமல் அனுப்பமாட்டாள். அதை இங்கே கொண்டுவந்து வறுக்கும்போது தெருவே தும்மும்.

டாலஸில் இருக்கிற என் தங்கை மகன் போன வருஷம் தன் சபைக்காரர்களோடு உகாண்டாவுக்குப் போய் வந்தான், அவன் ஏற்றுக்கொண்ட பிள்ளையைப் பார்க்க. அதே வரிசை, அதே பாட்டு, குலவை மட்டும் கூடுதல். "பெரியம்மா, அந்தப் பையனோட பாட்டி உயிரோட ஒரு கோழியை என் கையில குடுத்துட்டாங்க" என்றான். கேட்டதும் எனக்கு வற்றல் மணம் மூக்கில் ஏறியது.

"நீ என்ன செஞ்சே?"

"எப்படிப் புடிக்கணும்னே தெரியல. டிரைவர்கிட்ட குடுத்துட்டேன்."

"போடா கூறுகெட்டவனே. அறுக்கச் சொல்லி அங்கேயே உக்காந்து சாப்பிட்டிருக்கணும்."

கொடுக்கப் போனவனுக்கு வாங்கத் தெரியவில்லை. 1910-இல் எடின்பரோவில் உலக மிஷனெரி மாநாட்டில் அசரியா எழுந்து சொன்னதும் ஏறத்தாழ இதைத்தான். பொருளைக் கொடுத்தீர்கள், உயிரையும் கொடுத்தீர்கள், எங்களுக்கு நண்பர்களையும் தாருங்கள் என்று கேட்டார். அவருக்கு அப்போது முப்பத்தைந்து வயது. வெள்ளை மிஷனெரிகள் பலருக்கு அது காரமாகத்தான் இருந்தது. பிள்ளை ஆதரவு என்கிற ஏற்பாடு அப்போது இப்படிப் பரவியிருக்கவில்லை. அது கொரியப் போரின் அநாதைப் பிள்ளைகளுக்காக 1950-களில் பரவியது. 1952-இல் எவரெட் ஸ்வான்சன் என்பவர் தொடங்கிய வேலைதான் பிற்பாடு கம்பேஷன் என்ற நிறுவனம் ஆயிற்று, மறு வருஷம் வேர்ல்டு விஷனும் அதே முறையைப் பிடித்துக்கொண்டது. ஒரு பிள்ளை, ஒரு போட்டோ, ஒரு மாதச் சந்தா. அதில் நட்புக்கு இடம் உண்டா என்று கேட்டால், உண்டு, ஆனால் அட்டவணையில் கிடையாது. வார்டனம்மா அசந்த நேரத்தில்தான் உண்டு.

வெளிநாட்டு நன்கொடைச் சட்டம் இறுகியதில் அந்த கம்பேஷன் 2017 மார்ச்சில் இந்தியாவை விட்டே போனது. ஒன்றரை லட்சத்துக்குச் சற்றுக் குறைவான பிள்ளைகளுக்குக் கடிதம் நின்றது. எங்கள் விடுதி அவர்களுடையது இல்லை, சிறியது. ஆனால் அதிலும் வெளிப்பணம் வற்றியது, பிள்ளைகளும் குறைந்தார்கள். குறைந்ததற்கு நல்ல காரணமும் உண்டு. தெலங்கானாவில் தங்கிப் படிக்கிற அரசு குருகுலப் பள்ளிகள் பெருகின. 2014 மே 25 அன்று பதின்மூன்று வயது மாலாவத் பூர்ணா எவரெஸ்ட் ஏறினாளே, அவள் குருகுலத்துப் பிள்ளை. கூடவே ஏறிய ஆனந்த் குமார் கம்மம் மாவட்டத்துப் பையன். பேப்பரில் வந்த அவர்கள் படத்தை நான் ஆதரித்த பிள்ளையும் தன் டிரங்குப் பெட்டி மூடியில் உள்பக்கமாக ஒட்டிவைத்திருந்தாள். அங்கே படிக்கிற பிள்ளை யாருக்கும் வந்தனம் பாட வேண்டாம், யாருடைய போட்டோவையும் பத்திரப்படுத்த வேண்டாம். அரசாங்கம் கொடுக்கிறது, பிள்ளை வாங்கிக்கொள்கிறது, அவ்வளவுதான். அப்படித்தான் இருக்க வேண்டும் என்று நான் மனசாரச் சொல்வேன். சொல்லிவிட்டு, காலையில் அம்முகூடா பக்கம் ரயில் சத்தம் கேட்டால் பையை எடுக்கக் கை பரபரக்கும்.

அவள் பத்தாம் வகுப்பு முடித்ததும் ஆதரவுக் காலம் முடிந்தது. ஆபீஸிலிருந்து நன்றிக் கடிதம் வந்தது, கூடவே அவள் எழுதிய கடைசிக் கடிதமும். இரண்டு மலை, நடுவில் சூரியன், ஓலைக் குடிசை என்று எல்லாப் பிள்ளைகளும் வரைகிற படம்தான். இவள் குடிசை வாசலில் வெள்ளைத் தொப்பி போட்ட ஒரு நர்ஸையும் நிற்கவைத்திருந்தாள். அது நானா, அவளேயா என்று கேட்க வழியில்லை. விலாசம் கேட்டு அந்த ஆபீஸுக்கு ஒரு கடிதம் எழுதலாமா என்று எத்தனையோ தடவை உட்கார்ந்திருக்கிறேன். எழுதவில்லை. பதில் என்னவென்று எனக்கே தெரியும், அதுதான் சரியான பதில் என்றும் தெரியும்.

அதனால் வேறு வழி பிடித்திருக்கிறேன். இப்போது எனக்கு மருத்துவமனை போகிற வயசு. செகந்திராபாத் ஆஸ்பத்திரிகளில் வாரங்கல், கம்மம் பக்கத்துப் பெண்கள் நிறைய வேலை பார்க்கிறார்கள். ரத்த அழுத்தம் பார்க்க வருகிற பெண்ணின் முகத்தைப் பார்க்குமுன் பெயர்ப் பட்டையைத்தான் பார்ப்பேன். பிறகு எந்த ஊர் என்று கேட்பேன். நர்சம்பேட்டை, இல்லந்து, பாலோஞ்சா என்று ஏதாவது வரும். போன தடவை வந்தவள் கார்லா என்றாள்.

"அடுத்த ஸ்டேஷன் தோர்ணக்கல்."

"ஆமா ஆண்ட்டி. அங்கே உங்களுக்கு யார் இருக்கா?"

விடுதியைப் பற்றிச் சொன்னேன். அவளுக்குத் தெரியவில்லை. நீ படிக்கும்போது உனக்கு ஸ்பான்சர் யாராவது இருந்தார்களா என்று கேட்டேன்.

"எதுக்கு ஆண்ட்டி? நான் குருகுலத்துல படிச்சேன்" என்றாள். கைப்பட்டையைக் கழற்றிவிட்டு, பிரஷர் கொஞ்சம் கூடுதலாக இருக்கிறது, ஊறுகாயை நிறுத்துங்கள் என்று சொல்லிவிட்டு அடுத்த கட்டிலுக்குப் போனாள்.