ரோலாவில் யாரும் கேட்கவில்லை

வளைகுடாவில் உட்கார்ந்து ஊரை நினைத்து ஏங்கி எழுதியவர்கள் ஏராளம். நான் திருச்சி உறையூரில் உட்கார்ந்துகொண்டு ஷார்ஜாவின் ரோலாவை நினைத்து ஏங்குகிறேன். சொன்னால் சிரிக்கிறார்கள். "அந்தப் புழுக்கத்தையும் மூட்டைப்பூச்சியையுமா?" என்கிறார் என் நாத்தனார். புது நாத்தனார். ஐம்பது தாண்டிய பிறகு எனக்கு வாய்த்த மூன்று நாத்தனார்களில் மூத்தவர்.

காதல் கதை எழுதுவது என் பிழைப்பு. ராணிமுத்து, மாலைமதி என்று மாத நாவல்களைத் தின்று வளர்ந்தவள். ரமணிசந்திரனைப் பாடப்புத்தகத்துக்குள் வைத்துப் படித்து, அந்தத் தைரியத்தில் எழுத வந்தவள். என் கதாநாயகனுக்குச் சொந்தமாக ஒரு ஆலை இருக்கும், மூக்குமேல் கோபம் இருக்கும். கடைசி அத்தியாயத்தில் கோபம் இறங்கும், தாலி ஏறும். கதாநாயகி இருபத்துமூன்றைத் தாண்டவே மாட்டாள். கணவர் போன பிறகு மகள் வீட்டோடு ரோலாவுக்குப் போய், பேத்தி தூங்கும் நேரத்தில் கைபேசியில் தட்டித் தட்டி எழுதியதும் இதே சரக்குதான்.

ரோலாவில் ஒரு காலத்தில் பெரிய ஆலமரம் ஒன்று நின்றது. எழுபதுகளின் கடைசியில் பட்டுப்போனது. அந்த இடத்தில் இப்போது பூங்காவும், மரத்தின் ஞாபகமாக ஒரு சின்னமும் இருக்கின்றன. மரம் போய்விட்டது, மரத்தடியில் கூடுகிற பழக்கம் போகவில்லை. அப்போது வெள்ளிக்கிழமை சாயங்காலமானால் லேபர் கேம்ப்களிலிருந்தும் பெட் ஸ்பேஸ் அறைகளிலிருந்தும் ஆட்கள் கிளம்பி வந்து புல்தரையில் உட்கார்ந்துவிடுவார்கள். மலையாளம், வங்காளம், பஷ்தூ, நம் தென்மாவட்டத் தமிழ். வீடியோ காலில் குழந்தைக்கு முத்தம் கொடுக்கிறவர், ஊருக்குப் பணம் போட்ட ரசீதைத் திருப்பித் திருப்பிப் பார்க்கிறவர், சும்மா படுத்து வானத்தைப் பார்க்கிறவர். என் மாதிரி ஆளுக்கு அது கதைச் சுரங்கம். ஆனால் அங்கே இருந்த ஒருவரைக்கூட நான் கதாநாயகனாக எழுதியதில்லை.

அவரைப் பார்த்தது கார்கோ கடையில். தங்கை வீட்டுக்கு அனுப்ப ஒரு அட்டைப்பெட்டி. பால் பவுடர், டேங், பாதாம், கோடாலித் தைலம். கவுன்ட்டரில் இருந்தவர் எடை போட்டு, டேப் ஒட்டி, தடித்த மார்க்கரை எடுத்து விலாசம் கேட்டார். பெயர் சொன்னேன், தெரு சொன்னேன், மன்னார்குடி என்றேன். பின்கோடை நான் சொல்லுமுன்னே 614001 என்று எழுதி முடித்துவிட்டார். பிறகு மூடியைத் திருகிக்கொண்டே கேட்டார்: "நீங்க பத்தாவது பி-யா? பொண்ணுங்க வரிசையில ரெண்டாவது பெஞ்ச்?"

ஐந்து வருஷம் ஒரே அறையில் படித்திருக்கிறோம். ஒரு வார்த்தை பேசியதில்லை. அன்று பேசியிருந்தால் மறுநாள் பள்ளிக்கூடச் சுவரில் இரண்டு பெயரையும் சேர்த்துக் கரியால் எழுதியிருப்பார்கள். அதனால் ரோலாவிலும் வெகுநாள் "நீங்க", "வாங்க" என்றுதான் ஓடியது. மூன்று தங்கைகளைக் கட்டிக்கொடுத்துவிட்டு நிமிர்ந்தபோது வயது நாற்பத்துநாலு ஆகிவிட்டதாம். சோகமாகச் சொல்லவில்லை, கார்கோ கணக்குச் சொல்கிற மாதிரியே சொன்னார்.

2018இல் '96' படம் வந்ததிலிருந்து, கூடப் படித்தவர்கள் சந்தித்தாலே ஏதோ இருக்கும் என்று ஒரு எதிர்பார்ப்பு வந்துவிட்டது. விஜய் சேதுபதிக்கும் த்ரிஷாவுக்கும் சென்னையில் ஒரு ராத்திரி முழுக்கக் கிடைத்தது. எங்களுக்குக் கிடைத்தது மக்ரிப் பாங்குக்கும் பேத்தியின் டியூஷன் விடுவதற்கும் நடுவே ஒரு கரக் டீ. 2022 ஜனவரியில் அதற்கும் வேட்டு. அமீரகத்தில் வார விடுமுறை மாறியது. ஷார்ஜா அரசு வெள்ளி, சனி, ஞாயிறு மூன்று நாளையும் விட்டுவிட்டது. அவர் கடையில் ஞாயிறு மட்டும். அன்று மருமகன் வீட்டில் இருப்பார்.

என் நாவலில் மழை வந்தால் கதாநாயகி நனைவாள், கதாநாயகன் கோட்டைக் கழற்றிப் போர்த்துவான். ரோலாவில் மழைக்கு எங்கே போவது என்று நினைத்திருந்தேன். 2024 ஏப்ரல் 16 அன்று வந்தது. 1949இல் அளக்கத் தொடங்கியதிலிருந்து அமீரகம் காணாத மழை என்றார்கள். தெருவெல்லாம் குளம். லிஃப்ட் நின்றது, மோட்டார் நின்றது, குழாயில் தண்ணீர் இல்லை. மறுநாள் காலிங்பெல்லும் வேலை செய்யாததால் கதவைத் தட்டினார்கள். இடுப்புவரை ஈரத்தோடு அவர் நின்றார். தோளில் தண்ணீர் கேன், கையில் ஒரு கட்டு குப்பூஸ், பால், மெழுகுவத்தி. "உள்ள வரல, சேறா இருக்கு" என்று வைத்துவிட்டு இறங்கிப் போய்விட்டார். மாடிப்படியில் செருப்புச் சத்தம் தேயும்வரை மகள் என்னையே பார்த்தாள். "நீ பேசுறியா, நான் பேசட்டுமா?" என்றாள்.

துபாய் இந்தியத் துணைத் தூதரகத்தில், அயல்நாட்டுத் திருமணச் சட்டப்படி பதிவு. ராணிமுத்து பிறந்த அதே 1969இல் வந்த சட்டம். முதலில் நோட்டீஸ் ஒட்டுவார்கள். ஆட்சேபம் இருந்தால் சொல்ல 30 நாள். கல்யாணத்துக்கு மூன்று சாட்சிகள். எத்தனையோ ஜோடிகளைத் தடதடவென்று சேர்த்துவைத்தவள், என் பெயர் சுவரில் தொங்கிய அந்த மாதம் முழுக்க யாராவது வந்து ஆட்சேபிப்பார்களோ என்று வயிற்றைப் பிசைந்துகொண்டு இருந்தேன். ஒருவரும் வரவில்லை. காதலையும் குடும்பத்தையும் எழுதிக் குவித்த டாக்டர் லட்சுமியும் தென்னாப்பிரிக்கத் தமிழர் ஒருவரை மணந்து கடல் கடந்தவர்தான். அவருக்கும் இப்படிப் பிசைந்திருக்குமா, தெரியவில்லை.

பிறகு அவர் விசாவைக் கேன்சல் செய்துகொண்டு ஊர் திரும்பினோம். வளைகுடாவில் யாரும் கடைசிவரை இருப்பதில்லை, அது தெரிந்ததுதான். தெரியாமல் இருந்தது, ஊரில் எத்தனை பேருக்கு எத்தனை கேள்விகள் இருக்கும் என்பது. வளைகாப்புக்குப் போனால் குங்குமத் தட்டு வரிசையாக வந்து என் முன்னால் ஒரு நொடி நிற்கிறது. நீட்டுவதா, அடுத்தவளுக்குப் போய்விடுவதா என்று அந்தக் கைக்குக் குழப்பம். பெரும்பாலும் நீட்டிவிடுகிறார்கள். அந்த ஒரு நொடியைத்தான் என்னால் விழுங்க முடியவில்லை.

ரோலாவில் எங்களைப் பார்த்து யாருக்கும் எதுவும் தோன்றியதில்லை. கஃப்டீரியாவின் மலையாளி கேட்டது ஒரே கேள்வி: "மதுரம் வேணோ?" இருவருக்கும் சர்க்கரை இருப்பதால் வேண்டாம் என்போம். காகிதக் கோப்பையோடு, தங்கக் கடை வெளிச்சத்தில், "துபாய், துபாய்" என்று கூவுகிறவர்களைத் தாண்டி பூங்கா வேலி ஓரமாக நடப்போம். அவர் பெட் ஸ்பேஸில் கட்டில்மேல் கட்டில் போட்டுக் கிடந்தவர். அந்த ஊரைப் புகழ அவருக்கு வாய் வராது. ஆனால் சாயங்காலம் நான் டீ போட்டால், "வெளிய போய்க் குடிப்போமா?" என்கிறார். உறையூர்த் தெருவில் எங்கே போய்க் குடிக்க?

ஷார்ஜா புத்தகக் காட்சி 1982இலிருந்து நடக்கிறது. நவம்பரில் தமிழ்ப் பதிப்பாளர்களும் எழுத்தாளர்களும் போகிறார்கள், எக்ஸ்போ சென்டரோடு திரும்பிவிடுகிறார்கள். டாக்ஸியில் ஏறினால் ரோலா அதிக தூரமில்லை. விடுமுறை நாள் சாயங்காலமாகப் பார்த்துப் போங்கள். மாத நாவல் எழுதுகிறவர்கள் கட்டாயம் போங்கள். போய்வந்து, ஆலை இல்லாத, ஐம்பது வயசு கதாநாயகன் ஒருவனையாவது எழுதுங்கள்.